நாற்பத்தொன்றாம் நம்பர் வாய்

போர்ட் கொச்சி
9 ஜூன் 1997

டாக்டர் ஜமீலா மரக்காருக்கு,

உங்கள் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர் நாற்பத்தொன்று. வீட்டில் வின்சென்ட் கொரயா. டான்சில் பக்கம் வந்த கட்டிக்குப் போன அக்டோபரில் உங்களிடம் கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்ட், வைத்துக்கொண்டவன். திங்கள் முதல் சனி வரை வாரத்துக்கு ஆறு நாள், ஐந்தரை வாரம். கட்டி போய்விட்டது. அதற்கு முதலில் ஒரு கும்பிடு. இனி சண்டை.

போன மாதம் 22, வியாழக்கிழமை மறுபரிசோதனைக்குக் கொல்லம் வந்தேன். நடுவில் யாரோ கூப்பிட்டு நீங்கள் வெளியே போனீர்கள். மேசையில் என் தாள் திறந்து கிடந்தது. அடுத்தவன் தாளைப் படிப்பது தப்பு, என்னுடையதைப் படித்தால் என்ன என்று எட்டிப் பார்த்தேன். வாய் வறட்சி 1. ருசி இழப்பு 1. கீழே உங்கள் கையெழுத்து.

அந்த ஒன்று எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் "வாய் எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். நோயாளிக்குத் துணைக்கு வரும் பைஸ்டாண்டரின் நாற்காலியில் இருந்த என் மனைவி பிலோமினா, "ஒரு குழப்பமும் இல்ல டாக்டர், ஒரு தொந்தரவும் இல்ல, நல்லா சாப்பிடறார்" என்றாள். நீங்கள் நிமிராமல் எழுதினீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு.

நான் என்ன வேலை செய்கிறவன் என்று நீங்கள் கேட்டதில்லை. வெல்லிங்டன் தீவில் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்கிறவன். இருபத்தொரு வருஷம், இப்போது ஒரு வருஷ விடுப்பில். காலையில் முந்நூறு கோப்பை வரிசையாக இருக்கும். உறிஞ்சுவேன், நாக்கில் உருட்டுவேன், துப்புவேன், அடுத்த கோப்பை. எந்த மலை, மழைக்கு முந்தியா பிந்தியா, உலர்த்தும்போது தீ கூடிப்போனதா, எல்லாம் சொல்வேன். பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். தோட்டக்காரனைக் கேட்டு அவன் தேயிலைக்கு நான் தரம் போட்டால் அன்றைக்கே என்னைப் படகு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் என் வாய்க்கு என் மனைவியைக் கேட்டுத் தரம் போட்டிருக்கிறீர்கள்.

அதைத் திருத்த வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

வின்சென்ட் கொரயா


சாந்திதீரம் புற்றுநோய் மருத்துவமனை
கொல்லம், 17 ஜூன் 1997

திரு. கொரயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் தாளை நீங்கள் படித்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்றவற்றில் இருக்கிறது.

நாங்கள் போடும் எண் எங்கள் இஷ்டத்துக்குப் போடுவதல்ல. சுழி முதல் நான்கு வரை உலகம் முழுக்க ஒரே அளவுகோல். ஒன்று என்றால் லேசான வறட்சி. மூன்று என்றால் எச்சிலே இல்லை. நான்கு என்றால் சுரப்பி செத்துவிட்டது. அன்று உங்கள் மனைவி சொன்னதை மறுக்க உங்களுக்கு வாய் இருந்தது. நீங்கள் மறுக்கவில்லை.

நீங்கள் சேர்ந்திருக்கும் ஆய்வு என்னுடைய எம்.டி. ஆய்வேடு. அதைச் சேரும்போதே விளக்கிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒரே அளவு கதிர்வீச்சைப் பாதிப் பேருக்கு வாரம் ஐந்து நாளும், பாதிப் பேருக்குச் சனிக்கிழமையும் சேர்த்து ஆறு நாளும் கொடுத்தோம். எண்பத்தெட்டுப் பேர். ஐந்து நாள் கூட்டத்தில் பதினான்கு பேருக்கு நோய் திரும்பியது. ஆறு நாள் கூட்டத்தில் ஏழு பேருக்கு. பக்கவிளைவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதுவும் லேசானது. இரண்டரை வருஷமாக ஒரு சனிக்கிழமைகூட நான் ஊருக்குப் போகவில்லை. பொன்னானியில் என்னைப் பெற்ற உப்பா என் முகத்தை மறந்திருப்பார்.

நவம்பர் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஒருவர் கடிதம் எழுதினார் என்று ஒரு எண்ணை மாற்ற முடியாது. இன்று உங்களுக்கு மாற்றினால் மற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவர்கள் எல்லாரும் நலம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். காரம் வேண்டாம். பல் மருத்துவரைப் பாருங்கள், வறண்ட வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும்.

ஜமீலா மரக்கார்


போர்ட் கொச்சி
28 ஜூன் 1997

டாக்டருக்கு,

'மறுக்க வாய் இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இல்லை என்கிறேன்.

என் வாய்க்கு நானே தரம் போட்டு அனுப்புகிறேன். கப்பக்கிழங்கு இறங்காது. ரொட்டியைச் சாயாவில் முக்கினால்தான் இறங்கும். நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் ஐந்தாவது பாதியில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆண்டவரை விரலால் சுரண்டலாமா? கண்ணில் நீர் வர நின்றேன். ஃபாதர் பிறகு கூப்பிட்டு, "என்ன கொரயா, மனசு உருகிடுச்சா?" என்று கேட்டார். முழுங்கப் பார்த்தேன் ஃபாதர் என்றேன்.

ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, பொய் சொல்லக்கூடாது. உப்பு மார்ச்சில் வந்தது. இனிப்பு ஈஸ்டருக்கு வந்தது. சாயாவின் கடுப்பு வரவில்லை. நல்ல சாயா துவர்த்து வாயைப் பிடிக்க வேண்டும். பிடிக்க எச்சில் வேண்டும். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போல என் நாக்கில் சாயா வந்து வந்து போகிறது. உங்கள் அளவுகோலில் இதற்கெல்லாம் நாலே எண். தேயிலைத் தூளுக்கே எங்களிடம் நூறு வார்த்தை இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். வார்டில் என்னோடு இருந்தவர்களின் விலாசம் என்னிடம் உண்டு. ஏழு பேருக்கு எழுதினேன், நாலு பேர் பதில் போட்டார்கள். கொட்டாரக்கரை பஸ் டிரைவர் சதாசிவன் கியர் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறாராம். வர்க்கலை டீச்சரம்மா மூன்றாம் வகுப்பிலிருந்து ஓவிய வகுப்புக்கு மாற்றல் கேட்டிருக்கிறார், பேச முடியாமல். நாலு பேரும் உங்களிடம் நலம் என்று சொன்னவர்கள்தான். நாலு பேர் தாளிலும் என்ன எண் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கிணற்றில் விழுந்தவனைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவரிடம், தூக்கும்போது சட்டை கிழிந்தது என்று எவன் புகார் சொல்வான்? நன்றி கெட்டவன் என்று அவனுக்கே தோன்றும். எனக்கும் தோன்றியது. பதினெட்டு நாள் யோசித்துத்தான் முதல் கடிதத்தைத் தபாலில் போட்டேன்.

கொரயா


கொல்லம்
12 ஜூலை 1997

திரு. கொரயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தேன். நோயாளிகள் தங்களுக்குள் கடிதம் எழுதி என் ஆய்வுக்குத் தீர்ப்பு சொல்வதா என்று இருந்தது. நாலு பேர் நாலு பேர்தான், நோய் திரும்பாத அறுபது பேர் இல்லை என்று பதிலும் எழுதிவைத்தேன். அனுப்பவில்லை.

புதன்கிழமை ஓ.பி.யில் ஒன்று செய்து பார்த்தேன். பைஸ்டாண்டர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நோயாளியிடம் நேராகக் கேட்டேன். ஒன்பது பேர். ஒன்பது பேரும் "ஒண்ணும் இல்ல டாக்டர், சுகம்" என்றார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பத்தாவதாக உங்கள் சதாசிவன் வந்தார். அவரும் சுகம் என்றார். மேசையில் காலைச் சாயாவுக்கு வாங்கிய ரஸ்க் இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்து, "சாப்பிடுங்க சேட்டா, தண்ணி வேண்டாம்" என்றேன்.

வாங்கிக்கொண்டார். கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நான் அடுத்த தாளைப் புரட்டுவது போலக் கண்ணைத் தாழ்த்தினேன். ஓரக்கண்ணில் பார்த்தால், வாயிலிருந்ததைக் கையில் துப்பி வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு, "நல்ல ரஸ்க் டாக்டர்" என்கிறார்.

பதினெட்டு வருஷம் கொட்டாரக்கரை ரூட்டில் பஸ் ஓட்டிய மனுஷன், என் மனம் நோகக்கூடாது என்று ரஸ்க்கை மடியில் கட்டிக்கொண்டு போகிறார். அவர் போன பிறகு டியூட்டி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் தாளில் நான் போட்டிருந்தது ஒன்று.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் பிஷாரடியிடம் சொன்னேன். சனிக்கிழமை சிகிச்சை அவர் கனவு. கேட்டுக்கொண்டு, "ஜமீலா, அவங்க உசுரோட இருக்காங்க. வாய் வறண்டா தண்ணி குடிப்பாங்க" என்றார். அந்த ரஸ்க் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரையும் திரும்பக் கேட்டால் நவம்பருக்குள் முடியாது. பரீட்சை ஜூனுக்குத் தள்ளிப்போகும். கோழிக்கோட்டில் எனக்காகச் சொல்லி வைத்திருக்கும் வேலை கைநழுவும். கேட்காமல் விட்டால், ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் பொய். பொய் என்று தெரிந்தே கொடுத்த பொய்.

ரஸ்க்கை அறுபது பேர் வாயில் திணிக்க முடியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். எப்படிக் கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். இதை எழுத எனக்கு எளிதாக இல்லை.

ஜமீலா


போர்ட் கொச்சி
25 ஜூலை 1997

டாக்டருக்கு,

உங்கள் கடிதத்தைப் பிலோமினாவுக்குப் படித்துக் காட்டவில்லை. சதாசிவனின் ரஸ்க் வரை மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கோப்பைகளுக்குப் பின்னால் தோட்டத்தின் பெயர் இருக்காது, நம்பர் மட்டும் இருக்கும். பெயர் தெரிந்தால் கை தானாக இளகும், அது மனுஷ குணம். உங்கள் கையும் இளகித்தான் இருக்கிறது, உங்கள் நோயாளிகளின் வாயும். இரண்டையும் தனியாகப் பிரிக்க வேண்டும்.

ஆகவே அஞ்சலட்டை. பெயர் வேண்டாம், நம்பர் போதும். நோயாளியே எழுத வேண்டும், பைஸ்டாண்டர் தொடக்கூடாது. எழுதத் தெரியாதவர் வீட்டுக்கு வெளியே யாரிடமாவது சொல்லி எழுதட்டும், தபால்காரரே போதும். 'வாய் எப்படி' என்று கேட்காதீர்கள். வாய்க்கு எப்படி என்று பதில் சொல்லத் தெரியாது. ராத்திரியில் தண்ணீருக்காக எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு ரஸ்க் இறங்குமா, பேசும்போது நடுவில் நிற்கிறதா, வீட்டில் எல்லாருக்கும் வைக்கும் கறியை உங்களால் சாப்பிட முடிகிறதா, இந்த நோய்க்கு முன்னால் ஆசையாகச் சாப்பிட்டு இப்போது தொடாமல் விட்டது எது. கடைசிக் கேள்விக்கு இரண்டு வரி இடம் விடுங்கள், அதில்தான் எல்லாம் வரும்.

அட்டையைத் திருப்பி உங்களுக்கு அனுப்பச் சொன்னால் பழைய கதைதான். உங்களுக்கு அவர்கள் உயிர்க்கடன் பட்டவர்கள். எனக்கு ஒருவரும் படவில்லை. என் விலாசத்தை அச்சடியுங்கள். வந்ததை நம்பர் வரிசையில் வைத்துத் தரம் போடுகிறேன். யார் ஐந்து நாள், யார் ஆறு நாள் என்று எனக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் நான் வாங்க மாட்டேன்.

நாற்பத்தொன்றாம் அட்டையை மட்டும் நான் தொட மாட்டேன். அதை வேறு யாராவது பார்க்கட்டும். என் வாய்க்கு நானே கருணை காட்டுவேனா, நானே பழி வாங்குவேனா என்று எனக்கே தெரியாது.

ஒன்று சொல்லவேண்டும். நான் உங்களைச் சண்டைக்கு இழுத்தது என் ஒரு எண்ணுக்காக. உங்கள் கோழிக்கோட்டு வேலையைக் கெடுக்க அல்ல. வேண்டாம் என்று நீங்கள் விட்டுவிட்டாலும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டேன். கொஞ்சம் நினைப்பேன்.

வின்சென்ட்


கொல்லம்
19 அக்டோபர் 1997

கொரயா சேட்டனுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. நோய் திரும்பாமல், விலாசமும் தெரிந்த அறுபத்து மூன்று பேருக்கு அட்டை அனுப்பியதில் ஐம்பத்தெட்டு திரும்பியது என்று பார்த்ததும் எங்கள் ரெக்கார்ட் கிளார்க் நம்பவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிந்து போனவர்கள் எந்தக் கடிதத்துக்கும் இப்படிப் பதில் போட்டதில்லை. பல் மருத்துவக் கல்லூரியில் ஒருவரிடம் அதே அட்டைகளைக் கொடுத்துத் தனியாகத் தரம் போடச் சொன்னேன். அவரும் நீங்களும் மூன்று அட்டையில் மட்டும்தான் வேறுபட்டீர்கள். உங்களுடையதையும் அவரே பார்த்தார்.

போன வாரம் நம்பருக்குப் பின்னால் இருந்த பெயர்களைத் திறந்தோம். பழைய தாள்களில் ஒன்றுக்கு மேல் எண் வாங்கியவர்கள் நாலே பேர். அட்டைகளின்படி இரண்டோ மூன்றோ வாங்கியவர்கள் முப்பத்தேழு பேர். ஐந்து நாள் கூட்டத்திலும் நிறைய. ஆறு நாள் கூட்டத்தில் இன்னும் அதிகம். லேசானது என்று நான் எழுதியிருந்த அத்தியாயத்தை அப்படியே கிழித்துப் போட்டேன். உங்கள் ஒன்று இப்போது மூன்று.

கடைசிக் கேள்விக்கு வந்த பதில்களை நான் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. ஒருவர் 'என் மகளோட கல்யாணச் சோறு' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

பிஷாரடி சார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் கூப்பிட்டு, "இத வெச்சு என் சனிக்கிழமைய நிறுத்திடுவாங்க, தெரியுமில்ல?" என்றார். நோய் திரும்பாமல் இருப்பதும் உண்மை, வாய் போனதும் உண்மை, இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுகிறேன் சார் என்றேன்.  அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழவில்லை.

ஆய்வேட்டைத் திரும்ப எழுத நேரம் போதாது, இந்தப் பரீட்சையிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். கோழிக்கோட்டு வேலை என் பேட்ச்மேட் ஒருத்திக்குப் போனது. உப்பா போன் செய்து, "மோளே, தோத்துட்டியா?" என்று கேட்டார். "இல்ல உப்பா, பரீட்சையே எழுதல. எழுதியிருந்தாத்தான் தோத்திருப்பேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு வெட்கமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். படிக்க வந்து எட்டு வருஷத்தில் முதல்முறையாக என் வேலையை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.

இன்னொன்று கண்ணில் பட்டது. அட்டையில் நன்றாக இருந்தவர்களின் பழைய எக்ஸ்ரே படங்களை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரு பக்க எச்சில் சுரப்பி கதிரில் படாமல் தப்பியவர்கள். கட்டி சிறியதாக, ஒரே பக்கமாக இருந்தால் மறுபக்கத்தை ஈயத்தால் மறைத்துக் கொடுக்கலாமா என்று ஜனவரியில் பார்க்கப் போகிறோம். உங்களுக்கு அது இனி உதவாது. அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

உங்கள் கம்பெனி என்ன சொல்கிறது? ஒரு வருஷ விடுப்பு முடிந்திருக்குமே.

ஜமீலா


போர்ட் கொச்சி
8 டிசம்பர் 1997

டாக்டர் ஜமீலாவுக்கு,

விடுப்பு நவம்பரில் முடிந்தது. மேனேஜர் உண்ணித்தான் தங்கமான மனிதர். என் இடத்தில் ஆளே போடாமல் வைத்திருந்தார். முதல் நாளே மாலை போடாத குறையாக அழைத்துப்போய்ப் பழைய மேசையில் நிறுத்தினார். நானும் உறிஞ்சினேன், துப்பினேன், இரண்டு நாள் தரம் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் "சரிதான் சேட்டா, சரிதான் சேட்டா" என்றார்கள். மூன்றாம் நாள் எனக்குச் சுருக்கென்றது. தரத் தாளைப் பார்த்தால், நான் சொன்ன பிறகு எனக்குத் தெரியாமல் யாரோ இன்னொரு முறை ருசி பார்த்துத் திருத்தியிருந்தார்கள். இங்கேயும் எனக்கு 'குழப்பமில்லை' என்றே தரம் போடுகிறார்கள்.

உண்ணித்தான் அறைக்குப் போய், பன்னிரண்டு கோப்பை வையுங்கள், நம்பர் மட்டும், எனக்கு முன்னால், என்னிடம் தொழில் கற்ற கணேசன் ருசி பார்த்துத் தாளை உறையில் ஒட்டட்டும் என்றேன். "எதுக்கு வின்சென்ட், யார் கேட்டா உன்ன?" என்றார். நான்தான் கேட்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஆபீஸ் முழுக்க நின்றது. நிறம், வாசனை, பழுதான இலை, புகை நெடி, எல்லாம் சரி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. என் மூக்கும் கண்ணும் அப்படியே இருக்கின்றன. கடுப்பில் நாலு. பன்னிரண்டில் நாலுதான் சரி. கடுப்பு தெரியாதவன் தரம் சொன்னால் அந்தத் தேயிலையை வளர்த்தவனுக்கும் துரோகம், குடிப்பவனுக்கும் துரோகம்.

டேஸ்டர்களின் பதிவேட்டில் ஒவ்வொரு வருஷமும் மேனேஜர்தான் எழுதுவார். பேனாவை எடுத்துக்கொண்டு அவர் எழுதாமல் நின்றார். கையிலிருந்து வாங்கி நானே எழுதினேன். 'வின்சென்ட் கொரயா, ருசி பார்க்கத் தகுதி இல்லை.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். கணேசன் அழுதுவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை டாக்டர். இருபத்தொரு வருஷத்தில் நான் போட்ட தரங்களிலேயே துளியும் தயங்காமல் போட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் சொன்னேன். அவள் சண்டைக்கு வந்தாள். சும்மா கிடந்த வேலையை நீங்களே எழுதிக் கெடுத்தீர்கள், பெரிய அரிச்சந்திரன் என்றாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "நான் ஏன் அன்னைக்கு டாக்டர்கிட்ட குழப்பமில்லன்னு சொன்னேன் தெரியுமா? குழப்பம்னு வாயால சொன்னா, அது திரும்பி வந்துடுமோன்னு பயம். ஒரு வருஷமா வாயத் தொறந்து மூச்சுவிடவே பயம் எனக்கு" என்றாள். ஒரு வருஷமாக நான் அவள் மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாதிரி அறையில் என்னை வைத்திருக்கிறார்கள். வரும் இலையைக் கண்ணாலும் மூக்காலும் பார்த்துப் பிரிக்கிற வேலை. சின்ன வேலைதான். பொய்யில்லாத வேலை.

பரீட்சைக்கு நன்றாகப் படியுங்கள்.

வின்சென்ட்


கொல்லம்
27 ஜூன் 1998

அன்புள்ள வின்சென்ட் சேட்டனுக்கு, பிலோமினா சேச்சிக்கு,

நான் தேறிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், உப்பாவுக்கு அடுத்தபடி உங்களுக்குத்தான்.

வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் என் ஆய்வேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "உன் சிகிச்சையோட பேர உன் அட்டவணையே கெடுக்குதே. முதல்ல எழுதின எண்களையே விட்டிருந்தா எவ்வளவு அழகா இருந்திருக்கும்?" என்றார். கேலியா, கொக்கியா என்று தெரியவில்லை. "அழகா இருந்திருக்கும் சார். ஆனா அது என் நோயாளிகளோட வாய் இல்ல, என்னோட காது" என்றேன். அவர் பிஷாரடி சாரைப் பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு மணி நேரம் அந்த ஐம்பத்தெட்டு அட்டைகளைப் பற்றித்தான் கேட்டார்கள். யார் தரம் போட்டது என்று கேட்டபோது, கொச்சியில் ஒரு டீ டேஸ்டர் என்றேன். 'டேஸ்டராக இருந்தவர்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொய்யென்று தோன்றினால் மன்னியுங்கள்.

சனிக்கிழமையை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் இப்போது கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் சொல்கிறோம். நோய் திரும்புவது குறையும், வாய் இப்படி ஆகலாம், கப்பக்கிழங்கு இறங்காமல் போகலாம் என்று. சிலர் ஆறு நாள் என்கிறார்கள், சிலர் ஐந்து போதும் என்கிறார்கள். ஒரு பக்கச் சுரப்பியை ஈயத்தால் மறைத்து வைத்தியம் செய்துகொண்டவர்கள் இதுவரை பதினொரு பேர்.

இனி நேற்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஓ.பி.யில் நானும் சாரும் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம். குண்டறையிலிருந்து சுபத்ரா என்று ஒரு முந்திரி ஆலைத் தொழிலாளி, சிகிச்சை முடிந்து நாலு மாதம். கூட அவருடைய நாத்தனார். சார் வழக்கம் போல நிமிராமல், "வாய் எப்படி இருக்கு, குழப்பம் ஒண்ணும் இல்லையே?" என்றார். நாத்தனார் பதில் சொல்ல வாயெடுத்தார். சுபத்ரா அவர் கையைத் தட்டிவிட்டு, வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "குழப்பமா? சாரே, நாலு மாசமா நான் வைக்கிற மத்திக்கறி எனக்கே மண்ணு மாதிரி இருக்கு. ராத்திரி ஆறு தடவ எந்திரிச்சுத் தண்ணி குடிக்கிறேன். உசுர் குடுத்தீங்க, சந்தோஷம். அதுக்காக நான் பொய் சொல்லணுமா? எழுதுங்க" என்றார்.

வெளியே வரிசையில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிஷாரடி சாரின் இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். 

சார் பேனாவை எடுத்தார். தாளில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த ஒன்றை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, "ம், இன்னும் சொல்லுங்க" என்றார்.

உங்கள் ஜமீலா